பதிவேட்டில் ஏறாத ரத்தம்

மதுரை கே.கே. நகர் பக்கம் வந்தால், ஆஸ்பத்திரிப் பலகைகளுக்கு நடுவே 'மெடிக்கல் கோடிங் பயிற்சி' என்ற பலகையும் கண்ணில் படும். நர்சிங், உயிரியல் படித்த நம் காலனிப் பிள்ளைகள் சிலரும் அதில் சேர்கிறார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றின் நோயாளிக் குறிப்பைப் படித்து, அந்த நோய்க்குரிய எண்ணைப் போடுவதுதான் வேலை. எண் சரியாக இருந்தால்தான் அங்கே காப்பீட்டுப் பணம் கிடைக்கும்.

அந்தப் பட்டியலில் பி51 என்றொரு எண் உண்டு. பிறந்த குழந்தையின் தொப்புளில் ரத்தம் கசிவதற்கான எண் அது. அதை மனப்பாடம் செய்யும் பெண்ணின் சொந்த ஊரில் ஒரு குழந்தை தொப்புளில் ரத்தம் நிற்காமல் செத்துப்போனால், அந்தச் சாவுக்கு எந்த எண் விழும்? பெரும்பாலும் எதுவும் விழாது.

சில வருடங்களுக்கு முன் மேலூர் பக்கம் ஒரு காலனிக்குக் களப்பணிக்குப் போயிருந்தேன். பிறந்த ஐந்தாம் நாள் இறந்த குழந்தையின் காகிதத்தைக் காட்டினார்கள். 'இதயமும் மூச்சும் நின்றது' என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி சொன்னார்: "மொதப் பிள்ளைக்கும் இப்பிடித்தான் தாயி. தொப்புள்ல ரத்தம் நிக்கவே இல்ல." முதல் குழந்தைக்குக் காகிதமே இல்லை. பெயர் வைப்பதற்கு முன்பே புதைத்துவிட்டார்கள்.

சாகிற எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். அது சாவின் காரணம் ஆகாது. ஆனாலும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறு வருட வரலாறு இருக்கிறது.

சாவுக்கான காரணங்களை உலகம் முழுவதும் ஒரே பட்டியலில் எழுத வேண்டும் என்று 1893இல் பெர்டிலோன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு பட்டியலை முன்வைத்தார். 1948இல் அதை உலக சுகாதார நிறுவனம் ஏற்று நடத்தத் தொடங்கியது. நாம் பேசும் பி51, 1990இல் ஏற்கப்பட்ட பத்தாவது திருத்தத்தில் வருகிறது.

சென்னை மாகாணத்தில் 1899இலேயே பிறப்பு, இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்துவிட்டது. கிராமத்தில் பதிவேடு யார் கையில் இருந்தது? கிராம முன்சீப் கையில். ஊரில் யார் செத்தாலும் வெயில், மழை பாராமல் சேதி சொல்லப் போனவர்கள், வெட்டியான், தோட்டி என்று அழைக்கப்பட்ட நம் முன்னோர்கள். சாவைச் சுமக்க நாம், அதை எழுத அவர்கள். எழுதவும் பெரிதாக இடமில்லை. காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூச்சு நோய், காயம். இதில் எதிலும் அடங்காததெல்லாம் 'பிற காரணங்கள்'. சேரியில் ஐந்து நாள் வாழ்ந்த பிள்ளை அந்தப் 'பிற'வில் ஏறியிருந்தாலே பெரிய விஷயம். பரம்பரையாக வந்த இந்தக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்டது 1980இல்தான். அதன் பிறகே கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

தொப்புள்கொடியை அறுத்தது யார் என்பதும் இதே வரலாறுதான். பிரசவ ரத்தம் தீட்டு என்பதால் அந்த வேலை மருத்துவச்சி என்ற பெயரில் நாவிதர் சமூகப் பெண்களின் தலையிலும், பல ஊர்களில் தலித் பெண்களின் தலையிலும் விழுந்தது. பல ஊர்களில் சேரிப் பிரசவத்துக்கு அந்த மருத்துவச்சியும் வரமாட்டார். நம் பாட்டிமார்களே அறுத்தார்கள், நூலால் கட்டினார்கள். குழந்தை ரணஜன்னியில் செத்தபோது, காலனிய மருத்துவ அறிக்கைகள் 'அறியாத தாய்மார்கள், அழுக்கான மருத்துவச்சிகள்' என்று குற்றம் சாட்டின. கொதிக்க வைத்த தண்ணீருக்கும் சுத்தமான கத்திக்கும் வழி விடாத சாதியை யாரும் காரணப் பட்டியலில் சேர்க்கவில்லை. பிறந்த குழந்தை ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் செத்தவர்களில் எத்தனை பேர் நம் பிள்ளைகள் என்ற கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இதற்கும் எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தொப்புளில் ரத்தம் கசிந்தால் அதற்குக் காரணம் ஒன்றல்ல. கொடியில் போட்ட கட்டு நழுவியிருந்தால் அது பி51.8. பிறந்ததும் போட வேண்டிய வைட்டமின் கே ஊசி போடாததால் வந்த ரத்தப்போக்கு என்றால் பி53. ரத்தம் உறைய உதவும் 13ஆம் காரணி பிறவியிலேயே இல்லாவிட்டால் டி68.2. முதலாவது, பிரசவம் பார்த்தவரின் கவனத்தைக் கேள்வி கேட்கிறது. இரண்டாவது, ஆஸ்பத்திரியின் நடைமுறையைக் கேட்கிறது. மூன்றாவது, அடுத்த பிள்ளையைக் காப்பாற்றச் சொல்கிறது.

13ஆம் காரணிக் குறைபாடு அரிதானது. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் கூடுதலாக வரும். வழக்கமான ரத்தம் உறைதல் பரிசோதனையில் அது தெரியாது, தனிப் பரிசோதனை வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் சில வாரங்களுக்கு ஒருமுறை அந்தக் காரணியை ஏற்றியே பிள்ளையை வாழவைக்க முடியும். மேலூர் பக்கத்துக் குழந்தைக்கு இருந்தது அதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. முதல் சாவில் 'தொப்புளில் ரத்தம்' என்று இரண்டு சொல் எழுதியிருந்தால், இரண்டாவது பிரசவத்தில் யாராவது ஒரு டாக்டர் கேட்டிருப்பார்.

இந்தியாவில் 2020இல் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்கு மட்டுமே மருத்துவர் காரணச் சான்று கொடுத்தார். அந்தச் சான்றிலும் சாதிக்கு இடமில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) சாதியைக் கேட்டதால்தான், ஆயிரத்துக்கு 35 என்ற சிசு மரணம் பட்டியல் சாதியினரிடம் 41ஐத் தொடுகிறது என்று நமக்குத் தெரிகிறது. எதனால் என்பது அந்த ஆய்விலும் தெரியாது.

1932இல் லோதியன் குழுவில், எங்கள் மாகாணத்தில் தீண்டப்படாதவர்களே அதிகம் இல்லை என்று சொல்லி நம் எண்ணிக்கையைச் சுருக்கப் பார்த்தார்கள். உள்ளே இருந்த அம்பேத்கர் அதை எதிர்த்துத் தனிக் குறிப்பு எழுதினார். எண்ணப்படாதவருக்கு உரிமை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

நம் கையில் இன்று ஒரு சட்டம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அரசோ தனியாரோ, ஆஸ்பத்திரியில் நடந்த சாவுக்கான காரணச் சான்றைக் கட்டணமின்றிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். நெருங்கிய உறவினருக்கும் நகல் தர வேண்டும். காலனியில் அடுத்த முறை இப்படி ஒரு துக்கம் நடந்தால், ஆறுதல் சொல்லிவிட்டு அந்த நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 'இதயம் நின்றது' என்று மட்டும் இருந்தால், எதனால் நின்றது என்று கேளுங்கள். குழந்தை ஒரு நாள் வாழ்ந்திருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதியச் சொல்லுங்கள்.

கே.கே. நகரில் கோடிங் படிக்கும் தங்கைகளே, அமெரிக்கக் குழந்தைக்கு எண் போடக் கற்ற கண்ணோடு ஊருக்குப் போகும்போது நம் வீட்டுக் காகிதத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.