டேலி கிளார்க்கின் நோட்டும் டேட்டாபேஸும்

நம் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்த எவரும் டி.பி.எம்.எஸ். பேப்பரைத் தாண்டித்தான் வெளியே வந்திருப்பார்கள். மாணவர் ஒரு டேபிள், பாடம் ஒரு டேபிள், மதிப்பெண் ஒரு டேபிள் என்று புத்தகத்து உதாரணத்தையே எழுதி பாஸ் பண்ணிவிட்டோம். ஆனால் வியாபாரக் கணக்கை ஒழுங்காகப் பதிந்து வைக்கும் வித்தைக்கு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் சொந்த மண்ணிலேயே நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதை நினைவுபடுத்தவே இந்தக் கட்டுரை.

பேரேட்டுக் காலம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும்; மசூலா படகுகள்தான் சரக்கைக் கரை சேர்க்கும். 1856-ல் ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது. 1861-ல் கடலுக்குள் இரும்புப் பாலம் வந்தது. அதன் பிறகு அலைதடுப்புச் சுவர் கட்டி செயற்கைத் துறைமுகம் எழுந்தது. 1905-ல் போர்ட் டிரஸ்ட் ஏற்பட்டது.

மூட்டையும் பெட்டியும் இறங்கும் இடத்தில் நோட்டும் பென்சிலுமாக நின்றவர் டேலி கிளார்க். கப்பல் பெயர், தேதி, மூட்டையின் மேல் உள்ள குறி, எண்ணிக்கை, சேதம் என்று ஒவ்வொரு வரியாக அவர் எழுதுவார். கப்பல் தரப்புக் கணக்கையும் கரைத் தரப்புக் கணக்கையும் ஒப்பிட்டால்தான் எங்கே குறைந்தது என்று தெரியும். அந்த நோட்டில் ஒரு வரி என்றால் ஒரு நிகழ்ச்சி. எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பு என்றால் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கு "ஆடிட் டிரெயில்" என்று பெரிய பெயர் சொல்கிறோமே, அது இதுதான்.

ஒரே போல்ட், பல இடம்

சுதந்திரத்துக்குப் பின் இந்தப் பக்கம் தொழிற்சாலை பெல்ட்டாக மாறியது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வண்டி தயாரித்தது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., மணலியில் சுத்திகரிப்பு ஆலை என்று வரிசையாக வந்தன. துறைமுகத்தின் கேள்வி "எத்தனை இறங்கியது?" தொழிற்சாலையின் கேள்வியோ வேறு: "எதற்குள் எது?" ஒரு லாரிக்குள் எஞ்சின், எஞ்சினுக்குள் பம்ப், பம்புக்குள் போல்ட்.

இதே கேள்வி அமெரிக்காவில் சந்திரனுக்குப் போகும் ராக்கெட்டுக்கும் வந்தது. அப்போலோ திட்டத்தின் உதிரிபாகக் கணக்குக்காக ஐ.பி.எம். 1960களின் பிற்பகுதியில் ஐ.எம்.எஸ். என்ற டேட்டாபேஸை உருவாக்கியது. அது தலைகீழ் மரம் போன்றது: மேலே தாய், கீழே பிள்ளைகள். சிக்கல் என்னவென்றால், ஒரே போல்ட் பத்து இடத்தில் பயன்படும். மரத்தில் அதைப் பத்து இடத்தில் எழுத வேண்டும், இல்லையேல் சுற்றி வளைத்து முடிச்சுப் போட வேண்டும். பத்து இடத்தில் எழுதியதை ஒன்பது இடத்தில் மட்டும் திருத்தினால் ஆச்சு, கணக்கு பொய்.

1970-ல் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரையில் வழி சொன்னார்: மரம் வேண்டாம், எல்லாம் வரிசையும் பத்தியும் கொண்ட அட்டவணையாக இருக்கட்டும், ஒரு உண்மையை ஒரே இடத்தில் எழுதுங்கள், மற்ற இடத்தில் அதன் அடையாள எண்ணை மட்டும் வையுங்கள். 1974-ல் எஸ்.க்யூ.எல். மொழிக்கு வித்திட்டார்கள் சேம்பர்லினும் பாய்ஸும். 1976-ல் பீட்டர் சென் "பொருளும் உறவும்" என்ற படம் வரையும் முறையைக் கொடுத்தார். நாம் பரீட்சைக்கு வரைந்த டப்பாக்களும் வைரங்களும் அவர் கொடுத்தவைதான்.

பெட்டி வந்தது

1956-ல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. ஆயிரம் மூட்டை எண்ணிய இடத்தில் இப்போது ஒரே ஒரு பெட்டி எண். அந்த எண்ணே ஓர் அழகான வடிவமைப்பு: நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். ஒவ்வொரு எழுத்துக்கும் இலக்கத்துக்கும் ஒரு மதிப்பு. அவற்றை 1, 2, 4, 8 என்று பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தச் சோதனை இலக்கம். மீதி 10 என்றால் 0 போடுவார்கள். யாராவது ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால் பெரும்பாலும் உடனே மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவு நல்ல எண் இருக்கிறதே, இதையே பிரைமரி கீ ஆக்கிவிடலாம் என்றுதான் படித்தவனுக்குத் தோன்றும். நான் பார்க்க நேர்ந்த ஒரு யார்டு மென்பொருளில் அப்படித்தான் செய்திருந்தார்கள். பெயர் வேண்டாம். போன பெட்டி மூன்று மாதம் கழித்து வேறு கப்பலில் திரும்பி வந்தது. "ஏற்கெனவே உள்ளது" என்று கம்ப்யூட்டர் மறுத்தது. வெளியே டிரெய்லர் வரிசை நிற்கிறது. கேட்டில் இருந்தவர் என்ன செய்வார், எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து உள்ளே விட்டார். அடுத்த முறை இரண்டு புள்ளி. கடைசியில் ஒரே பெட்டிக்கு மூன்று பெயர். எந்தத் தேதியிலிருந்து டெமரேஜ் என்று ஏஜென்டோடு தகராறு.

பெட்டி வேறு, பெட்டியின் வருகை வேறு. டேலி கிளார்க்கின் நோட்டில் இந்தக் குழப்பமே வராது. ஏனென்றால் அவர் எழுதியது பெட்டியை அல்ல, இந்தக் கப்பலில் இந்தத் தேதியில் வந்த பெட்டியை. அதுபோலவே ஒரு பில் ஆஃப் என்ட்ரியில் பல பெட்டிகள் இருக்கலாம். ஒரு பெட்டிக்குள் பல வியாபாரிகளின் சரக்கும் இருக்கலாம். இரண்டையும் இணைக்க நடுவே மூன்றாவது அட்டவணை வேண்டும். புத்தகத்தில் இதை "பலவற்றுக்குப் பல" உறவு என்பார்கள். கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் பையனுக்கு இது அன்றாட வேலை.

கற்ற காலம்

1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனது. 1981-ல் என்.ஐ.ஐ.டி.யும் 1986-ல் ஆப்டெக்கும் தொடங்கின. பிறகு மாலை நேர கம்ப்யூட்டர் வகுப்புகள் பெருகின. டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ கற்றவர்கள் கணக்கு எழுத வந்தார்கள். 1986-ல் பெங்களூரில் தொடங்கிய கம்பெனியின் கணக்கு மென்பொருளுக்கு "டேலி" என்றே பெயர் அமைந்தது வேடிக்கைதான். மென்பொருள் வந்த வேகத்தில் வடிவமைப்புப் பாடம் பின்தங்கியது. எல்லாவற்றையும் ஒரே நீள ஃபைலில் கொட்டும் பழக்கம் அப்போது வந்தது. இன்று எக்ஸெலில் தொடர்கிறது.

1990களில் சுங்கத்துறையும் மின்னணு முறைக்கு மாறத் தொடங்கியது. ஏற்றுமதி இறக்குமதியாளருக்கென்று தனி 10 இலக்க எண் இருந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, புதியவர்களுக்கு பான் எண்ணே அந்த எண் என்று ஆனது. இலக்கம் மட்டுமே வரும் என்று நம்பி எண் வகையாகப் பத்தி அமைத்திருந்தால் அன்று திண்டாட்டம்தான், பானில் எழுத்தும் உண்டே! வெளியாள் கொடுக்கும் எண் நம் கையில் இல்லை. என்றைக்கு வேண்டுமானாலும் மாறும். உள்ளே நமக்கென்று ஒரு தனி எண் வைத்துக்கொள்வது நல்லது.

தம்பி தங்கைகளுக்கு

பெட்டி வந்த பிறகு மூட்டை எண்ணும் வேலை சுருங்கியது. அந்த வேலையை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் உண்டு. அவர்களுடைய அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறவில்லை. ஓய்வு பெற்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே ப்ராஜெக்ட்டுக்கு மறுபடி லைப்ரரி சிஸ்டம் என்று கிளம்ப வேண்டாம். காசிமேட்டு ஏலக் கணக்கையோ, ஒரு டிரெய்லர் சொந்தக்காரரின் டிரிப் ஷீட்டையோ எடுங்கள். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் அவர்களுடைய நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். "ஒரு வரின்னா என்ன அர்த்தம்? இதே பேர் மறுபடி வந்தா என்ன பண்ணுவீங்க? தப்பா எழுதினா எப்படித் திருத்துவீங்க?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை எழுதி முடித்தால் பாதி டிசைன் முடிந்தது. மீதிப் பாதிக்கு எஸ்.க்யூ.எல். இருக்கிறது, அதைக் கற்பது கஷ்டமே இல்லை.