இதய மின்வரைவில் மின்முனைகளின் இடம்: பன்னிரண்டு லீடுகள் உருவான வரலாறு

லீடு என்பது மின்முனைகளை இணைத்து எடுக்கும் ஒரு பதிவு. இதய மின்வரைவில் இன்று வழங்கும் பன்னிரண்டு லீடுகளும் ஒரே திட்டப்படி ஒருசேர அமைந்தவை அல்ல. மூன்று லீடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஆறு 1930களிலும், மற்ற மூன்று 1942-இலும் வந்து சேர்ந்தன. முன்னிருந்த முறைக்குப் புலப்படாத ஏதோ ஒன்றைக் காண்பதற்காகவே ஒவ்வொரு சேர்க்கையும் நிகழ்ந்தது.

1887-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அகஸ்டஸ் வாலர், லிப்மானின் நுண்குழாய் மின்மானியைக் கொண்டு, மனித இதயத்தின் மின் மாற்றங்களை உடலைத் திறக்காமலே பதிவு செய்தார். மார்பிலும் முதுகிலும் முனைகளைக் கட்டித் தொடங்கிய அவர், பின்னர் கை, கால், வாய் எனப் பல இடங்களை இணைத்துச் சோதித்தார். சில இணைகளில் அலை பெரிதாகவும் சிலவற்றில் மிகச் சிறிதாகவும் தெரிந்தது. இதயம் மார்புக்குள் சாய்ந்திருப்பதே இதற்குக் காரணம் என்று வாலர் விளக்கினார். மின்முனையின் இடத்தைத் தனியொரு ஆய்வுப் பொருளாக்கியது இந்த விளக்கமே.

நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 1901-இல் இழைக் கால்வனாமானியை அறிமுகப்படுத்தினார். வாய், வலது கால் இரண்டையும் விட்டுவிட்டு, இரு கைகளையும் இடது காலையும் மட்டும் அவர் வைத்துக்கொண்டார். இம்மூன்றையும் இரண்டிரண்டாக இணைத்ததே முதல் மூன்று லீடுகள். அக்கருவிக்குத் தோலின் மின்தடை குறைவாக இருந்தாக வேண்டும். உப்புநீர் நிரம்பிய சாடிகளில் கையையும் காலையும் அமிழ்த்துவது அதற்கு எளிய வழி. மார்பை அப்படி அமிழ்த்த முடியாது. ஆகவே தொடக்கக்கால லீடுகள் கை கால்களோடு நின்றதில் கருவியின் தேவைக்கும் பங்கு உண்டு. முதல் லீடையும் மூன்றாம் லீடையும் கூட்டினால் இரண்டாம் லீடு கிடைக்கும் என்பது ஐந்தோவன் விதி. இதயத்தை நடுவில் வைத்து அவர் வரைந்த சமபக்க முக்கோணம் கணக்குக்கு வசதியானது. ஆனால் உண்மை உடலில் அம்முக்கோணம் கோணலானது என்பதை நெதர்லாந்தைச் சேர்ந்த பர்கரும் வான் மிலானும் 1946-இல் காட்டினர்.

மூன்று லீடுகளும் இதயத்தை ஒரே தளத்தில்தான் பார்த்தன. இதயத் தமனி அடைப்பு உள்ள சிலரிடம் அவை எந்த மாற்றத்தையும் காட்டவில்லை. 1932-இல் பிலடெல்ஃபியாவில் வுல்ஃபர்த்தும் வுட்டும் மார்பில் முனை வைத்தபோது அத்தகைய அடைப்பு தெரியவந்தது. மருத்துவ நோக்கில் பார்த்தால் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இதுதான். ஆயினும் மார்பு முனைக்கு இணையாக வலது கை, இடது கை, இடது கால் என ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கொண்டதால், ஒருவரது பதிவை இன்னொருவரது பதிவோடு ஒப்பிட வழியில்லாமல் போயிற்று.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் வில்சன் இதற்கு 1934-இல் தீர்வு கண்டார். இரு கைகளையும் இடது காலையும் தலா 5,000 ஓம் மின்தடை வழியாக ஒரு புள்ளியில் இணைத்தார். அந்த மைய முனையின் மின்னழுத்தம் ஏறத்தாழ மாறாதிருப்பதால், மார்பு முனை தன் இடத்து மாற்றத்தையே காட்டியது. 1938-இல் அமெரிக்க இதயச் சங்கமும் பிரிட்டன்-அயர்லாந்து இதயவியல் சங்கமும் கூடி மார்பின் ஆறு இடங்களை (வி1 முதல் வி6 வரை) வரையறுத்தன. வி1, வி2 இரண்டும் நான்காம் விலா இடைவெளியில் மார்பெலும்பின் வலப்புறமும் இடப்புறமும் அமைகின்றன. வி4 ஐந்தாம் இடைவெளியில் காரை எலும்பின் நடுக்கோட்டில் அமைகிறது. வி2-க்கும் வி4-க்கும் நடுவே வி3. வி5 அக்குளின் முன்கோட்டிலும் வி6 அதன் நடுக்கோட்டிலும் வி4-இன் மட்டத்திலேயே வருகின்றன.

வில்சனின் மைய முனையோடு ஒரு கையையோ காலையோ தனியே இணைத்தெடுத்த லீடுகளின் அலைகள் சிறியவை. அளக்கப்படும் உறுப்பே மைய முனையிலும் சேர்ந்திருந்தது காரணம். 1942-இல் இமானுவேல் கோல்ட்பெர்கர் அந்த இணைப்பைத் துண்டித்ததும் அலை ஒன்றரை மடங்கானது. ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப் என்னும் மூன்று லீடுகள் பிறந்தன. இவை மூன்றும், ஐந்தோவன் விதிப்படி அவரது மூன்று லீடுகளில் ஒன்றும், எஞ்சிய இரு ஐந்தோவன் லீடுகளிலிருந்தே கணக்கிடத்தக்கவை என்பதால் பன்னிரண்டில் சார்பற்றவை எட்டுதான்; எஞ்சியவை வாசிப்பவருக்கான வேறு கோணங்கள்.

உடற்பயிற்சிச் சோதனையில் ஓடும் பட்டையில் நடப்பவரின் கையசைவு பதிவைக் குலைத்ததால், மேசனும் லிக்காரும் 1966-இல் கை முனைகளைக் காரை எலும்பின் கீழும், கால் முனையை விலா ஓரத்துக்கும் இடுப்பெலும்புக்கும் இடையிலும் மாற்றினர். இந்த இடமாற்றம் இதயத்தின் மின் அச்சை வலப்புறம் சாய்த்துக் காட்டும். இதயத்தின் கீழ்ச்சுவரின் பழைய மாரடைப்புத் தடயத்தையும் மறைக்கக்கூடும். எனவே இவ்வாறு எடுத்த பதிவை வழக்கமான பதிவோடு நேரடியாக ஒப்பிடலாகாது. மார்பு முனைகளிலும் இடம் முக்கியம்: வி1, வி2 முனைகளை இரண்டாம் இடைவெளிக்கு ஏற்றி வைப்பது வழக்கமான பதிவில் பிழை. ஆனால் புருகாடா என்னும் இதயத் தாள நோய்க்குறியைத் தேடும்போது அதே உயரத்தில் வேண்டுமென்றே வைக்கின்றனர். முனை வைத்த இடத்தைப் பதிவுத்தாளிலேயே குறிப்பது இதனால் கட்டாயமாகிறது.