வளரும் மரம்

ஒருவர் நட்ட மரத்தின் நிழலில் மற்றொருவர் அமர்தல் உலக இயல்பு. ஆயின், ஒரு நாட்டார் எழுப்பும் புகைக்கு ஈடாக வேறொரு நாட்டு உழவர் மரம் நடுதல் கடந்த நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய புதுமையாகும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நிலக்கரி மின்நிலையம் அமைக்க முனைந்த ஏ.இ.எஸ். நிறுவனம், அது வெளியிடவிருந்த கரியமில வாயுவுக்கு ஈடு தேடிற்று. குவாத்தமாலாவில் ஏறத்தாழ 40,000 சிற்றுழவர் 5 கோடிக்கு மேற்பட்ட மரங்களை நடும் பணிக்கு, கேர் எனும் தொண்டு நிறுவனத்தின் வழியே 20 இலட்சம் டாலர் வழங்க 1988-ஆம் ஆண்டில் இசைந்தது. இத்தகைய ஈட்டுத் திட்டங்களுள் இதுவே முதலாவது என்பர். ஈட்டினை மதிப்பிட்டோர் வாஷிங்டனில் இருந்தனர். மண்வெட்டி பிடித்தோர் மலைச்சரிவில் இருந்தனர்.

குவாத்தமாலாவை அடுத்துள்ளது மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலம். அங்கே 1990-களின் நடுவில் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளரும் மெக்சிகோ ஆய்வாளரும் மாயா இன உழவருடன் கூடி வேறொரு முறையை வகுத்தனர். அதன் பெயர் 'ஸ்கொலெல் தே'. செல்டால் மொழியில் 'வளரும் மரம்' என்பது இதன் பொருள். சோளத்தின் இடையேயும் காப்பிச் செடிகளின் மேல் நிழலாகவும் வரப்போரத்திலும் எம்மரம் நிற்கவேண்டும் என்பதை உழவரே தம் நிலத்தின் படத்தை வரைந்து குறித்தனர். நட்ட மரங்கள் பார்வையிடப்பட்ட பின்னர்ப் பணம் தவணையாக வழங்கப்பட்டது. 1997-ஆம் ஆண்டில் உலக மோட்டார்ப் பந்தயங்களை நடத்தும் கூட்டமைப்பு முதன்முதலாக இவ்வீட்டை விலைகொடுத்து வாங்கியது. பின்னர் இம்முறை உகாண்டாவிலும் மொசாம்பிக்கிலும் பின்பற்றப்பட்டது.

உழவர் வரைந்த படமே திட்டமாயிற்று என்பது போற்றத்தக்கது. எனினும், அதனால் மட்டும் நீதி நிறைவுறாது. தவணைப் பணம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். மரமோ பல பத்தாண்டுகள் நின்றாக வேண்டும். வெட்டி எரித்தால், அது உள்வாங்கிய கரி மீண்டும் காற்றில் கலந்துவிடும். பந்தயக் கார்களின் புகையோ ஒருசில மணி நேரத்தில் எழுந்துவிட்டது. விளைச்சல் பொய்க்கும் ஆண்டில் அம்மரத்தை வெட்டாது காத்தல், அரை வயிற்றுக்கு உண்ணும் குடும்பத்திற்கு எளிதன்று. நிலமே இல்லாதவர்க்கோ வரைவதற்குப் படமும் இல்லை.

புகைத்தவரின் பொறுப்பு பணம் கொடுத்த அன்றே தீர்ந்துவிடுவதில்லை. மரம் நிற்கும் காலமெல்லாம் அதைக் காப்பவரின் அடுப்பும் எரிதல் வேண்டும். அதையும் கணக்கில் கொள்ளும் திட்டமே 'வளரும் மரம்' என்னும் பெயருக்கு முழுத் தகுதி உடையதாகும்.