வேடந்தாங்கலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை... கொஞ்சம் சரித்திரமும்

சுங்குவார்சத்திரம் பக்கம் குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போவது என்றால் முதல் பிரச்சினை இடம் இல்லை, ஷிப்டு. வீட்டில் ஒருவருக்கு நைட் ஷிப்டு, இன்னொருவருக்கு காலை ஆறு மணிக்கு கம்பெனி பஸ். எல்லோருக்கும் லீவு சேர்ந்து வருகிற ஞாயிறு எப்போதாவதுதான் வரும். அதை வீணாக்கக் கூடாது இல்லையா?

ஏரிக்கரை என்றதும் எல்லோரும் செம்பரம்பாக்கத்தைச் சொல்வார்கள். பக்கம்தான், பெரிசுதான். ஆனால் அது சென்னைக்குக் குடிதண்ணீர் தருகிற ஏரி. 2015 டிசம்பருக்கு அப்புறம் அந்தப் பெயரைக் கேட்டாலே வெள்ளம்தான் ஞாபகம் வருகிறது. என் ஓட்டு வாலாஜாபாத் வழியாகத் தெற்கே போனால் வருகிற வேடந்தாங்கலுக்கு. காரணம் பறவை மட்டும் இல்லை, அதன் பின்னால் இருக்கிற கதை.

பெயரைப் பாருங்கள்... வேடன் தங்கிய இடம்! ஒரு காலத்தில் அந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்கள் வேட்டையாடிய ஊர்தான் அது. 1790களில் கும்பெனி சிப்பாய்கள் வந்து ஏரியில் இருந்த பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நேராகக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, இனி இங்கே யாரும் சுடக்கூடாது என்று எழுத்து மூலமாக வாங்கிக்கொண்டு வந்தார்கள். 1796 - 1798 காலம் அது. (மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற அதே வெள்ளைக்காரக் கலெக்டர்தான் இவர்.) 1858-ல் அந்த உரிமையை இன்னொரு கலெக்டரிடம் புதுப்பித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வந்ததே 1872-ல்தான். அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னாடியே நம்ம கிராமத்து விவசாயிகள் ஒரு சரணாலயத்துக்கு ஆர்டர் வாங்கிவிட்டார்கள்!

ஜீவகாருண்யம் மட்டும்தான் காரணமா? காமர்ஸ் படிக்கிறவன் அப்படி விட்டுவிட முடியுமா :-) கணக்கும் இருந்தது. ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் ஆயிரக்கணக்கான நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. காசு கொடுக்காமல் உரம்! எகனாமிக்ஸ் வகுப்பில் 'எக்ஸ்டர்னாலிட்டி' என்று பக்கம் பக்கமாக எழுத வைக்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அன்பும் லாபமும் ஒரே பக்கம் நின்றதால்தான் அந்த ஏற்பாடு இருநூறு வருஷம் தாங்கியது என்பது என் கட்சி.

அரசாங்கம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 1936-ல் அங்கீகாரம். 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவிப்பு. ஏரி என்னவோ 30 ஹெக்டேர்தான். ஆனால் பறவை இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களிலும் குட்டைகளிலும்தானே? அதே 1998-ல்தான் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வர ஆரம்பித்தது. ஒரே மாவட்டமாக இருந்த பழைய காஞ்சிபுரத்தில், ஒரே வருஷத்தில், இந்தப் பக்கம் தொழிற்சாலை, அந்தப் பக்கம் பறவை. எங்கள் வீட்டு அடுப்பு எரிவது இந்தப் பக்கத்தால்தான், அதை மறைக்க முடியாது. ஆனால் 2020-ல் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகக் குறைக்க ஒரு யோசனை வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வெளி வட்டத்தில் தொழிற்சாலைக்கு இடம் விட்டுவிட்டு உள்ளே மரத்தை மட்டும் வைத்திருந்தால் நாரை எதைத் தின்னும்? எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

சரி, ப்ளானுக்கு வருவோம். நவம்பரிலிருந்து மார்ச் வரை சீசன். மழை பொய்த்து ஏரி காய்ந்தால் பறவை வராது, அதனால் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். அதிகாலை போங்கள், இல்லையென்றால் மாலை நாலு மணிக்கு மேல். இரை தேடப் போனதெல்லாம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. கரை மேலேயே நடந்து பார்க்கலாம், தாத்தா பாட்டிக்கும் சிரமம் இல்லை. பைனாகுலர் ஒன்று கடன் வாங்கிக்கொள்ளுங்கள். புளிசாதம் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் கவரைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். நேரம் மிச்சம் இருந்தால் கரிக்கிலிக்கும் ஒரு நடை. அங்கே கூட்டம் குறைவு, வாத்துகள் அதிகம்.