கைமாறிய சிற்றலைப் பெட்டிகளும் தர மதிப்பீடும்

கையில் எடுத்துச் செல்லத்தக்க சிற்றலை வானொலிப் பெட்டிகளுள் பெரும்புகழ் பெற்ற டிரான்ஸ்-ஓஷியானிக்கை அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1942இல் வெளியிட்டது. போரின் காரணமாக அவ்வாண்டே நின்ற உற்பத்தி 1946இல் மீண்டும் தொடங்கியது. 1950களில் வந்த அதன் மாதிரிகளில், வானிலிருந்து வரும் அலையை நிலையான ஓர் இடை அதிர்வெண்ணாக மாற்றும் பணியை 1எல்6 என்னும் சிறிய வால்வு செய்தது. பிற வகைப் பெட்டிகளில் மிகுதியாகப் பயன்படாத இவ்வால்வு பின்னாளில் அரிதாகிவிட்டதால், அதை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை விற்பவர்களும் இருந்தனர். ஆகவே, விவரமறிந்தவர்கள் தோலுறையின் பளபளப்பைப் பார்க்குமுன் பின்பக்கத்தைத் திறந்து அந்த வால்வு இருக்கிறதா என்று பார்த்தனர்.

இருந்தாலும் போதாது. தேய்ந்த 1எல்6 மத்திய அலையில் குறைவின்றி இயங்கும். அதிர்வெண் கூடக்கூட அதன் அலைவு தளர்ந்து, 16 மீட்டர் அலைவரிசையில் அடியோடு நின்றுவிடும். உள்ளூர் நிலையத்தை உரக்கப் பாடவைத்துக் காட்டும் விற்பனையாளர் இதனால் எதையும் மெய்ப்பித்துவிடுவதில்லை. உயர் அலைவரிசைகள் பெரும்பாலும் பகலில்தான் தொலைவிலிருந்து எட்டுகின்றன என்பதால், இரவில் அங்கு நிலவும் அமைதியை வைத்துப் பெட்டியைப் பழிப்பதும் தவறே.

வயதால் வரும் குறையையும் வடிவமைப்பிலேயே உள்ள குறையையும் பிரித்தறிவதுதான் இம்மதிப்பீட்டின் கடினமான பகுதி எனலாம். 455 கிலோஹெர்ட்ஸ் இடை அதிர்வெண்ணைக் கொண்ட எளிய பெட்டிகளில், வலுவான நிலையம் ஒன்று தன் உண்மையான இடத்துக்கு 910 கிலோஹெர்ட்ஸ் கீழேயும் போலியாக ஒலிப்பதுண்டு. இது பழுதன்று, அதிர்வெண்ணை ஒரே முறை மாற்றும் அமைப்பின் இயல்பு. இருமுறை மாற்றும் பெட்டிகள் இதைப் பெரிதும் தவிர்த்தன.

ஜெனித் 1957இல் ராயல் 1000 என்னும் முழு டிரான்சிஸ்டர் மாதிரியைக் கொண்டுவந்தபின் வால்வைப் பற்றிய கவலை நீங்கி, கசிந்த மின்கலங்களால் அரிக்கப்பட்ட தொடுமுனைகளும் கறுத்துப்போன அலைமாற்றிகளும் ஆய்வுக்குரியவையாயின. எண்முறைப் பெட்டிகளின் காலத்தில் குறைகள் கண்ணுக்கு மறைவாயின. 1985இல் வந்த சோனி ஐசிஎஃப்-2010இல், வெளியே கட்டிய நீண்ட கம்பியின் வழியே நிலைமின்சாரம் பாய்ந்தால் முதற்கட்ட டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். பண்பலை நன்றாகப் பாட, சிற்றலை மட்டும் செவிடாகிவிடும். அதே நிறுவனத்தின் ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ1இல் சின்னஞ்சிறு மின்தேக்கிகள் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் உறுப்புகள்) ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து, செப்புத் தடங்களை அரித்தன. இக்கசிவு பயன்பாட்டைப் பொறுத்ததன்று. உறை பிரிக்காமல் காத்துவைத்த பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுத்தவர்கள் பலமுறை ஏமாந்ததற்கு இதுவே காரணம். மடித்து மூடும் ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ100இன் தொடக்ககாலப் படிகளிலோ, கீலின் ஊடே செல்லும் பட்டைக் கம்பி திறந்து மூடுவதாலேயே அறுந்தது. எனவே அதை வாங்குவோர், பெட்டி பாடிக்கொண்டிருக்கும்போதே மூடியைப் பலமுறை அசைத்து, இயக்கம் தடுமாறுகிறதா என்று சோதித்தனர்.