இடது காலுக்கு ஓய்வு தந்த உணரிகள்

பூந்தமல்லியை அடுத்த கரையான்சாவடிச் சந்திப்பில், மாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும் காரை எண்ணிப் பாருங்கள். ஓட்டுநரின் இடது கால் கிளச் மிதியை அழுத்துகிறது, விடுகிறது, மீண்டும் அழுத்துகிறது. எஞ்சினைச் சக்கரங்களோடு இணைப்பதும் பிரிப்பதும் கிளச்சின் வேலை. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, கிளச் தட்டு எந்த இடத்தில் பற்றத் தொடங்குகிறது என்பவற்றை ஓட்டுநர் காதாலும் காலாலும் அறிகிறார். இந்த அறிவை இயந்திரம் பெற்றது எப்படி?

1950களில் ஜெர்மனியின் ஃபிக்டல் அண்ட் சாக்ஸ் நிறுவனம் ‘சாக்ஸோமாட்’ என்ற தானியங்கிக் கிளச்சை உருவாக்கியது. எஞ்சின் வேகம் கூடும்போது, மையவிலக்கு விசையால் எடைகள் வெளியே தள்ளப்பட்டுக் கிளச்சைப் பற்றச் செய்தன, வண்டி புறப்பட்டது. கியர் மாற்றும்போது, கோலில் இருந்த மின் சுவிட்சு ஒரு வால்வைத் திறந்தது. எஞ்சினின் உறிஞ்சும் விசை கிளச்சைப் பிரித்தது. ஆனால் அந்தச் சுவிட்சுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கோலில் கை இருக்கிறதா, இல்லையா? சும்மா கை வைத்தாலும் கிளச் பிரிந்துவிடும்!

இக்குறையைத் தீர்க்கப் பல உணரிகளும் ஒரு கணிப்பொறியும் வேண்டியிருந்தன. இவற்றுள் ஒருவகை உணரியின் விதை மிகப் பழையது. மின்சாரம் பாயும் மெல்லிய தங்கத் தகட்டைக் காந்தப் புலத்தில் வைத்தால், குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1879-இல் அமெரிக்க ஆய்வு மாணவர் எட்வின் ஹால் கண்டறிந்தார். குறைகடத்திகள் வந்த பின், இவ்விளைவே உணரியாயிற்று. காந்தத்துடன் கூடிய உணரிக்கு முன்னே பற்சக்கரம் சுழன்றால், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மின்துடிப்பு எழும். துடிப்புகளை எண்ணினால் வேகம் தெரியும்.

2014-இல் மாருதி செலேரியோ, கிளச்சையும் கியரையும் தானே இயக்கும் அமைப்புடன் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2020-இல், பூந்தமல்லிக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டை ஆலையில் உருவான ஹூண்டாய் வென்யூவில் வேறொரு முறை இடம்பெற்றது. இதில் கியர்க் கோல் உண்டு. கிளச் மிதி இல்லை. ஓட்டுநர் கோலை நகர்த்த முனைவதை ஓர் உணரி அறிவிக்கும். கட்டுப்பாட்டுக் கணிப்பொறி ஆணையிட, திரவ அழுத்தம் கிளச்சைப் பிரிக்கும்.

ஒன்றை மறவாதீர்கள்: உணரிகள் வந்தாலும் உராய்வு ஒழியவில்லை. மேட்டில் வண்டியை முடுக்கியால் பிடித்து நிறுத்தினால் கிளச் தட்டு வழுக்கித் தேயும். அங்கே பிரேக்கை மிதிப்பதே முறை.