வேருக்கு ஒரு திரை

மண் இல்லாமல் செடி வளரும் என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால், ஜெர்மனியில் யூலியஸ் ஸாக்ஸ் என்ற தாவர நூல் அறிஞர், 1860-ஆம் ஆண்டை ஒட்டியே, உப்புகளைக் கரைத்த தண்ணீரில் செடி வளர்த்துக் காட்டிவிட்டார். அந்த வித்தை சோதனைச்சாலை ஜாடிக்குள்ளேயே நெடுங்காலம் கிடந்தது. 1929-ல் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவர முனைந்தவர், கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்லியம் கெரிக். அவருடைய தக்காளியை ஏணியில் ஏறித்தான் பறிக்க வேண்டியிருந்தது.

ஊரார் கொடியை அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கோ தொட்டியின் வாயைக் குனிந்து பார்க்கத் தோன்றுகிறது. அதன்மேல் ஒரு கம்பி வலை. வலையின்மேல் வைக்கோல், மரச்சீவல். எதற்காக? வெளிச்சம் பட்டால் உப்புத் தண்ணீரில் பாசி படரும். செடிக்கு இட்ட உணவைப் பாசி தின்றுவிடும். வலைக்கும் தண்ணீருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளியும் உண்டு. அங்கே மேல்வேர் ஈரக்காற்றைச் சுவாசிக்கும். அடிவேர் நீர் குடிக்கும். இடைவெளி இல்லாவிட்டால், தண்ணீரில் நின்றபடியே வேர் மூச்சுத் திணறி அழுகும்.

1938-ல் அதே சர்வகலாசாலையின் ஹோக்லண்டும் ஆர்னனும் சோதித்து, நல்ல மண்ணின் விளைச்சலைத் தண்ணீர் மிஞ்சிவிடாது என்று எழுதினார்கள். வேருக்குக் காற்று வேண்டும் என்பதையும் வற்புறுத்தினார்கள்.

மண்ணை வெறும் சமையற்காரி என்று எண்ணியிருந்தோம். இருட்டும் மூச்சும் தந்து காத்தவள் அவள்தான் என்பது, அவளை விலக்கிய பிறகே புரிந்தது.